எழுதித் தீர்ந்த நோட்டுகள்

போகிக்கு எரிக்க எங்கள் வீட்டில் ஒன்றும் இருக்காது. பழையது என்று ஒன்றை ஒதுக்க வேண்டுமானால் புதியது என்று ஒன்று வந்திருக்க வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் பாய் கிழிந்தால் ஆட்டுக்குப் போகும். ஆடு கடித்தது போக மிச்சம் அடுப்புக்குப் போகும். அதனால் பொங்கலுக்கு முதல் நாள் விடியலில் தெருவே புகையும்போது, எங்கள் வாசலில் மட்டும் ஒரு தேய்ந்த துடைப்பம் எரியும். நான் அதன் முன்னால் போகி மேளத்தைத் தட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு துடைப்பம் எரிகிற நேரத்துக்குள் எவ்வளவுதான் தட்ட முடியும்?

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என் வயது. பத்து, பதினொன்று இருக்கும். அவர்கள் வாசலில் நெருப்பு ஆள் உயரத்துக்கு நிற்கும். அவள் அங்கிருந்தே கத்துவாள்: “இன்னாடி, அதுக்குள்ள அமிஞ்சி போச்சா? உங்க ஊட்டுப் போகி பீடி பத்த வெக்கறதுக்குத்தான் ஆவும்!”

நான் பதில் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் எனக்கு அந்தக் குணம்தான். ஏழ்மையைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். சிரித்துக்கொண்டு சொன்னால் பொறுக்க மாட்டேன். வாயால் பேசாமல், செய்து காட்ட வேண்டும் என்று தோன்றும். இந்தக் கதையும் அப்படிச் செய்து காட்டியதுதான்.

அப்போது எங்கள் ஊரைச் சுற்றி, கும்மிடிப்பூண்டிப் பக்கம், கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம். வேறொருவர் நிலத்தில் களை பறித்துக்கொண்டிருந்த என் அம்மாவும் நைனாவும், அதே நிலத்தில் கம்பெனிக் கட்டடத்துக்கு மண் சுமக்கப் போனார்கள். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இருவரும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். வீட்டையும் ஆட்டையும் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். இரண்டு பெண்களில் எந்த ஒருத்தி என்ற கேள்வி வந்தபோது, வாத்தியார் அக்காவைப் பற்றி நைனாவிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருந்தார். என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு நான் நின்றேன். அதற்காக நான் அழவில்லை. வீட்டுச் சாவி என் இடுப்பில் தொங்கியது. அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அக்கா படித்துக்கொண்டே போனாள். பத்தாவது தேறியதும் படிப்பு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். அவள் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, பிளஸ் டூ என்று பெயர் என்றாள். அந்தப் படிப்பே அப்போதுதான் வந்த புதிது. எங்கள் சாதிசனத்தில் அந்தப் பெயரைக் கேட்டவர் யாரும் இல்லை.

“பத்து முட்ச்சிட்ட. அதுக்கு மேல இன்னா ரெண்டு? மளிகக் கடையில கொசுறு குடுக்கறா மாரியா?” என்று நைனா கேட்டார்.

“அத முடிச்சாத்தான் நைனா நர்ஸு ட்ரெயினிங்ல சேத்துக்குவாங்க.”

நைனா வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “படி. ஆனா ஒரே தபாதான். தேறினா நர்ஸு. தேறலன்னா உங்கம்மாகூட மண்ணு சொமக்க வா. பெயிலாயி, இன்னொரு தபா எழுதறேன், அது இதுன்னு பேஜாரு பண்ணக்கூடாது.”

அக்கா சரி என்றாள். அன்று முதல் நான் அவளுடைய முதுகைத்தான் பார்த்தேன்.

அதற்கு முன்பு அப்படி இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குத் தலை வாரிவிடுவாள். பள்ளிக்கூடம் போகிற ரயிலில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்த டீச்சர் எந்தப் புடவை கட்டி வந்தார் என்று ஒன்று விடாமல் சொல்வாள். நாள் முழுக்க ஆட்டோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சோறு மாதிரி. பிளஸ் டூ வந்த பிறகு, வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடுவாள். நான் ஏதாவது சொன்னால் “உம்” என்பாள். மனிதர்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு இல்லாமல் போக முடியும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஆடாவது பேசும்போது என் முகத்தைப் பார்க்கும்.

அவள் எழுதியது என்ன என்பதை இப்போது சொல்ல முடியும். அவளிடம் பாடப் புத்தகங்கள் இல்லை. அவளோடு படித்த ஒரு பெண்ணின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அந்தப் பெண்ணிடம் எல்லாப் புத்தகங்களும் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாக இரவல் வாங்கி வந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மைப்பேனாவால் நோட்டில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். தவளையின் வயிற்றை அறுத்துப் போட்ட படம், செம்பருத்திப் பூவைப் பிளந்த படம் எல்லாவற்றையும் வரைந்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் தன் கையால் எல்லாப் புத்தகங்களையும் எழுதி முடித்திருந்தாள்.

ஆனால் இதெல்லாம் அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “எப்பக்கா முடியும் உன் படிப்பு?”

அவள் திரும்பாமலே சொன்னாள். “இந்த நோட்டெல்லாம் ரொம்பனதும் முடியும், போ.”

வாயை அடைக்கச் சொன்ன பதில். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போனதும் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த உரச்சாக்கை இறக்குவேன். எலிக்குப் பயந்து நோட்டுகளை அதில்தான் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு நோட்டிலும் எங்கே எழுத்து நிற்கிறது, மிச்சம் எவ்வளவு வெள்ளை இருக்கிறது என்று விரலால் தள்ளிப் பார்ப்பேன். வெள்ளை குறையக் குறைய எனக்குச் சந்தோஷம்.

எங்கள் வீட்டுக்கு எழுத்து என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து என்றால் மனு. தெருவிளக்குக்கு மனு, மனைப் பட்டாவுக்கு மனு. கடைத்தெருவில் ஒருவரிடம் எழுதி வாங்கி ஆபீசில் கொடுத்துவிட்டு வருவார் நைனா. எழுதிக் கொடுத்ததோடு அந்த வேலை முடிந்தது. எழுதியதை யாரும் திரும்ப எடுத்துப் படித்து நாங்கள் பார்த்ததில்லை. ஆபீசிலும் படித்த மாதிரி தெரியவில்லை. தெருவிளக்கு வரவே இல்லை.

அந்த வருஷம் மார்கழி கடைசியில் நோட்டுகள் நிரம்பிவிட்டன. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒன்றிரண்டு தாள்தான் வெள்ளை. மறுநாள் போகி.

விடியலில் அக்கா இரண்டு குடங்களோடு தெருக்கோடி பம்புக்குப் போனாள். பண்டிகைச் சுத்தத்துக்கு எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும். பம்பில் பெரிய வரிசை. அம்மா உள்ளே சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் துடைப்பத்தைக் கொளுத்தினேன். எதிர்வீட்டில் அந்த வருஷம் மூன்று பாய், ஒரு கூடை, உடைந்த கட்டில் கால் வேறு.

“ஏய், இந்த வருசமும் தொடப்பம்தானா? அடுத்த வருசம் அதுகூட இருக்காது, கையாலதான் பெருக்கணும் நீ!” என்றாள் அவள். கூட நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

நான் நேராக உள்ளே போய் உரச்சாக்கை இறக்கினேன்.

“இன்னாடி அது?” என்றாள் அம்மா.

“அக்கா நோட்டும்மா. எல்லாம் எழுதித் தீந்துபோச்சி. எரிக்கட்டா?”

அம்மா சுண்ணாம்புக் கையோடு வந்து ஒரு நோட்டைப் புறங்கையால் புரட்டிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் எழுத்து. “ஆமா, எடமே இல்ல. எரி. காலிப் பேப்பர் இருந்தா மட்டும் கிழிச்சி வெச்சிடு. அவளுக்கு ஆவும்.”

அம்மா சொன்னதை நான் தட்டவில்லை. ஒவ்வொரு நோட்டிலிருந்தும் வெள்ளைத் தாள்களை ஓரம் கிழியாமல் எடுத்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். மிச்சத்தைப் பிரித்துப் பிரித்து நெருப்பில் போட்டேன். காகிதம் எப்படி எரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தீ எங்கள் கூரைக்கு மேலே போய்விடுமோ என்று அம்மா உள்ளிருந்து பயந்து கூப்பிட்டாள். எதிர்வீட்டுக்காரி மேளத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் தட்டினேன். கை வலிக்கிற வரைக்கும் தட்டினேன். எங்கள் வீட்டிலும் எரிக்க இருக்கிறது. அதோடு, படிப்பு முடிந்தது. அக்கா இனி என் பக்கம் திரும்பி உட்காருவாள். ஒரே நெருப்பில் எனக்கு இரண்டு பண்டிகை.

அக்கா தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் தெருவில் வந்தாள். நெருப்பைப் பார்த்தாள். அருகில் வந்து உற்றுப் பார்த்தாள். இடுப்புக் குடத்தை அப்படியே நெருப்பில் கவிழ்த்தாள்.

தெருவே கூச்சல் போட்டது. எதிர்வீட்டு அம்மா மார்பில் கைவைத்துக்கொண்டு, “போகி நெருப்புல தண்ணி ஊத்தறாளே பாவி, ஊடு வெளங்குமா!” என்றாள். அக்கா தலைக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மண்டியிட்டுக் கரிக்குள் கைவிட்டு இழுத்தாள். நடுவில் எரியாமல் இருந்த தாள்கள் சில வந்தன. ஆனால் மைப்பேனா எழுத்து. தண்ணீர் பட்டதும் நீலமாக அவள் மணிக்கட்டில் வழிந்து போயிற்று.

அம்மா ஓடிவந்து அவள் முதுகில் ஓர் அறை வைத்தாள். “நல்ல நாளும் அதுவுமா இன்னாடி பண்ற? புத்தி கெட்டுப் போச்சா?” பிறகுதான் அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். அம்மாவின் குரல் மாறியது. “ஏண்டி… வேணுங்கற நோட்டா அது?”

நான் அதற்குள் சட்டையிலிருந்து மடித்த வெள்ளைத் தாள்களை எடுத்து நீட்டிவிட்டிருந்தேன். “காலிப் பேப்பர் எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்க்கா. ஒண்ணுகூட எரியல.”

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படி முழுதாகப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

“இல்லம்மா. பழசுதான்,” என்றாள். “ஏதோ ஞாபகத்துல ஊத்திட்டேன்.” என் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் சொன்னதை நான் நம்பினேன். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சாயந்திரம் எனக்குத் தலை வாரிவிடுவாள் என்று சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் சுவரோரம் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, ஆட்டைக் கத்தவிடாமல் வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

பொங்கல் முடிந்ததும் அவள் வீட்டில் இருப்பதே இல்லாமல் போயிற்று. காலையில் முதல் பஸ்ஸில் போவாள். ஞாயிற்றுக்கிழமையும் போவாள். கும்மிடிப்பூண்டியில் ரயில்வேக்காரர் மகள் வீட்டில் படிக்கிறாள் என்று அம்மா சொன்னாள். முன்பு முதுகாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற கம்பெனி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நோட்டெல்லாம் தீர்ந்த பிறகு இன்னும் என்ன படிப்பு என்று யாரைக் கேட்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சோறு எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். தூக்குவாளியில் கூழும் கருவாடும் எடுத்துக்கொண்டு நான் தண்டவாளத்தோரம் நடந்தே கும்மிடிப்பூண்டி போனேன். விசாரித்து ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா வீட்டுக்குள் இல்லை. பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அருகில், படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். உதடு மட்டும் அசைந்தது.

நான் கூப்பிடப் போனேன். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள். தலைக்குக் குளித்து ஈரத் துண்டு கட்டியிருந்தாள்.

“புக்கு குடுக்கிறியா? எனக்கும் நாளைக்கு டெஸ்ட் இருக்கில்ல.”

“அந்த ஒரு பக்கம் மட்டும்…”

“அம்மா திட்டறாங்கப்பா. சாயங்காலம் தரேன்.”

கெட்ட பெண் இல்லை அவள். இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்வேன். புத்தகம் அவளுடையது, பரீட்சை அவளுக்கும்தான். அவள் உள்ளே போனதும் அக்கா அங்கேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் படியில் எதையோ எழுதினாள். ஒன்றும் இல்லாத சிமெண்டில் எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். வெயில் அவள் தோளில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தனை வீடுகள் இருக்கிற இடத்தில் அவளைப் போலத் தனியாக ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. தூக்குவாளியைத் தரையில் இடித்துச் சத்தம் பண்ணினேன்.

“ஏய்! நீ எங்கடி இங்க? பஸ்ஸுக்குத் துட்டு யாரு குடுத்தா?”

“நடந்து வந்தேன்.”

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு கூழை எனக்குப் பாதி கொடுத்துத் தானும் குடித்தாள். நான் கேட்டேன். “அந்த நோட்டெல்லாம் பழசுன்னு சொன்னியே. அப்பறம் ஏன் இங்க வந்து குந்திகினு படிக்கிற?”

அக்கா கருவாட்டின் முள்ளை எடுத்துத் தூரப் போட்டாள். “இது புதுப் பாடண்டி. இப்பத்தான் குட்த்தாங்க.”

அதையும் நம்பினேன். பள்ளிக்கூடத்துக்காரர்கள் மேல் எனக்கு ஒரே கோபம். முடிந்த படிப்புக்கு மேலே மேலே பாடம் கொடுக்கிறார்களே என்று வழியெல்லாம் அவர்களைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

உண்மை எனக்குத் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்து நான் என் மகளைப் பிளஸ் டூ வரைக்கும் கொண்டுவந்தேன். ஒருநாள் பார்க்கிறேன், அவள் எப்போதோ எழுதி முடித்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள். மறுநாளும் அதே நோட்டு. அதற்கு மறுநாளும். “எழுதினதையே ஏண்டி திரும்பத் திரும்பப் பாக்கற?” என்று கேட்டேன். “எழுதறதே திரும்பப் படிக்கத்தானேம்மா,” என்றாள், இது தெரியாதா என்கிற மாதிரி. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு இல்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

நான்கு எழுத்து கூட்டிப் படிக்கவும், இப்படிக் கோணலாக எழுதவும் அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அக்காவிடம் மட்டும் அந்த நோட்டுகளைப் பற்றிக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் இருவருக்குமே இல்லை.

அவள் தேறினாள். பௌதிகத்தில் மட்டும் தட்டுத்தடுமாறி, மற்றதில் நன்றாக. ஒரே தபாவில். நைனா கம்பெனி வேலைக்காரர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா நர்ஸ் படிப்புக்கு மெட்ராஸ் போனாள், ஆஸ்டலில் தங்கினாள், அங்கிருந்து வேலை, வேலை செய்த ஊரிலேயே கல்யாணம். அதற்குப் பிறகு சேர்ந்தாற்போல நான்கு நாள் அவள் எங்கள் வீட்டில் தங்கியதில்லை. பண்டிகைக்கு வருவாள். பையைப் பிரிக்காமலே மூலையில் வைத்திருப்பாள்.

ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அந்தச் சந்தோஷச் செய்தி வந்த நாள் இல்லை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு அவள் வந்த மத்தியானம்.

அன்று அவள் பட்டப்பகலில் வந்தாள். வெயில் கொளுத்தியது. கை கால் கழுவாமல் வெறும் தரையில் படுத்துத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டினேன். வெயில் சாய்ந்த பிறகு எழுந்து, சுவரில் சாய்ந்து, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். என் பக்கம்தான். சீப்பைக் கொண்டுவரச் சொன்னாள். என் தலையை மடியில் இழுத்து வைத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.

“முடிஞ்சிச்சாக்கா?”

“முடிஞ்சிச்சு.”

“எல்லாமே?”

“எல்லாமே.”

“அப்ப இனிமே ஊட்லதான இருப்ப?”

சீப்பு கொஞ்ச நேரம் என் தலையில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. “உம்,” என்றாள்.

எனக்கு அது போதும். பின்னல் முடிந்தும் முடியாமலும் எழுந்து தெருவைத் தாண்டி ஓடினேன். எதிர்வீட்டுப் பெண் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

“எங்க அக்கா இனிமே எங்கயும் போவமாட்டா. எங்க ஊட்லயேதான் இருக்கப்போறா!”

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. நிஜமான வருத்தத்தோடு கேட்டாள்:

“ஐயோ, ஏண்டி? பரிச்ச சரியா எழுதலயா?”

பொறாமைக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய புளியங்கொட்டைகளைக் காலால் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன்.